விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தை: சட்ட உதவியை எங்கிருந்து தொடங்குவது?

“டைவர்ஸ் பண்ணணும் சார்.”

“எதுக்கும்மா?”

“ஆறு மாசமா வீட்டுக்குக் காசே தர்றதில்ல. பையன் ஸ்கூல் ஃபீஸ் கட்டலைன்னு வெளிய நிக்க வைக்கிறாங்க.”

வக்கீல் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு வேண்டியது விவாகரத்து அல்ல, ஜீவனாம்சம். இரண்டும் வேறு வேறு மனு, வேறு வேறு காலக்கெடு. எடுத்த எடுப்பில் விவாகரத்து மனு போட்டால், அது வாய்தா வாய்தாவாக நகர்ந்துகொண்டிருக்கும். பள்ளிக் கட்டணம் மட்டும் அப்படியே நிற்கும். குடும்ப வழக்குகளில் நான் பார்க்கும் குழப்பங்களில் பெரும்பாலானவை, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் ஏதோ ஒன்றைத் தட்டியதால் வந்தவை. தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனத்தில் வைத்து, அந்தக் கதவுகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: உடனே எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

அடி உதை, மிரட்டல் என்றால் முதலில் பாதுகாப்பு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்குத்தான். 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் ‘பாதுகாப்பு அலுவலர்’ ஒருவர் இருப்பார். நடந்ததை அறிக்கையாக எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் வேலை, அதற்குக் கட்டணம் கிடையாது. இந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் ஒரே மனு போட்டு, கணவர் நெருங்கக் கூடாது என்ற தடை, வீட்டில் இருக்கும் உரிமை, மாதப் பணம், குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு, நஷ்டஈடு எல்லாவற்றையும் கேட்கலாம். “வீடு மாமனார் பேர்ல இருக்கு, உனக்கு இங்க என்ன உரிமை?” என்று சொல்லி வெளியே தள்ளுவது பல வீடுகளில் நடக்கிறது. குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே தங்கும் உரிமையை மருமகள் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. அது சொத்தில் பங்கு அல்ல, தங்கும் உரிமை மட்டும்தான்.

பணம்தான் பிரச்சினை என்றால் ஜீவனாம்ச மனு. பழைய குற்ற விசாரணைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாகிவிட்டது. திருமணம் அப்படியே இருக்க, பணம் மட்டும் கேட்கலாம்.

சேர்ந்து வாழ முடியாது, ஆனால் மண உறவை அறுக்கவும் மனமில்லை என்றால், நீதிமன்றத்தின் மூலம் பிரிந்து வாழும் உத்தரவு வாங்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு. சட்டத்தின் பார்வையில் கணவன் மனைவிதான். ஆனால் ஒரே கூரையின் கீழ் வாழவேண்டிய கட்டாயமில்லை. அந்த உத்தரவுக்குப் பிறகு ஓராண்டு சேராமலே இருந்தால், அதையே காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்கலாம்.

இவை எதுவும் போதாது, உறவு முடிந்துபோய்விட்டது என்றால்தான் விவாகரத்து.

இரண்டாம் படி: கையில் காசில்லாவிட்டாலும் வக்கீல் உண்டு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்தவர்கள் குறைவு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. “நான் வேலைக்குப் போறேனே, எனக்குத் தருவாங்களா?” என்று கேட்கும் பெண்களுக்குப் பதில்: தருவார்கள். மற்ற ஆண்களுக்கு மட்டும்தான் ஆண்டு வருமான வரம்பு.

எங்கே போவது? மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு. வாசலில் யாரைக் கேட்டாலும் “லீகல் எய்டு ஆபீஸ்” என்றால் கைகாட்டுவார்கள். போகுமுன் 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் விசாரிக்கலாம். உங்கள் பிரச்சினையை ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும்; எழுதத் தெரியாவிட்டால் அங்கிருக்கும் சட்டத் தன்னார்வலர்கள் எழுதித் தருவார்கள். ஆதார் நகல், சாதிச் சான்று அடிப்படையில் கேட்பதானால் அதன் நகல், திருமணப் பத்திரிகை அல்லது சான்று, ஏற்கெனவே ஏதாவது நோட்டீஸ் வந்திருந்தால் அது, இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

மனு ஏற்கப்பட்டால் அவர்கள் பட்டியலில் உள்ள ஒரு வழக்கறிஞரை நியமித்து உத்தரவு தருவார்கள். அவருக்குச் சம்பளத்தை ஆணைக்குழு கொடுக்கும். டைப்பிங் செலவு, குமாஸ்தா செலவு என்று அவர் உங்களிடம் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆணைக்குழுவின் செயலாளர் ஒரு நீதிபதி, அவரிடமே எழுத்தில் சொல்லுங்கள். வக்கீல் சரியாக வரவில்லை என்றாலும் வேறொருவரைக் கேட்டு மனு கொடுக்கலாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றுதான் இருப்பார் என்ற பேச்சு ஊரில் உண்டு. அப்படிச் சிலர் இருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு ஏனோதானோ என்று இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

வழக்கே போடாமல் பேசித் தீர்க்க வேண்டுமானாலும் இதே அலுவலகம் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசும்.

காசு கொடுத்து வக்கீல் வைப்பதானால்

சொந்தக்காரர் பையன் வக்கீலுக்குப் படித்திருக்கிறான் என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. குடும்ப நல நீதிமன்றத்தில் தினமும் நிற்பவரா என்று பாருங்கள். பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கட்டணத்தை முதல் நாளே பேசுங்கள்: மொத்தமா, வாய்தாவுக்கு இவ்வளவா, ஜீவனாம்ச மனுவும் இடைக்கால மனுக்களும் அதில் அடங்குமா. குடும்ப வழக்கில் நீதிமன்றக் கட்டணம் சொற்பம். செலவெல்லாம் வக்கீல் கட்டணத்தில்தான். கொடுக்கும் பணத்துக்கு ரசீது, குறைந்தது ஜிபே பதிவாவது இருக்கட்டும். “வர்ற ஜீவனாம்சத்துல இத்தனை சதவீதம் எனக்கு” என்று பேசுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள், பார் கவுன்சில் விதிப்படியே அது கூடாது.

வக்காலத்தில் கையெழுத்துப் போடுவது சரி. வெற்றுத் தாளில் மட்டும் போடாதீர்கள். மனு பெரும்பாலும் ஆங்கிலத்தில் தயாராகும். வரி வரியாகத் தமிழில் படித்துச் சொல்லக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து. மனுவில் நகை நாற்பது பவுன் என்று டைப் ஆகியிருக்கும், உண்மையில் போட்டது இருபத்தைந்து. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது அந்தப் பதினைந்து பவுனைத்தான். அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மைகளும் சந்தேகத்தோடுதான் கேட்கப்படும். மிகைப்படுத்தி எழுதினால்தான் நீதிபதி இரங்குவார் என்று சொல்லும் வக்கீல்கள் உங்கள் வழக்கைப் பலவீனமாக்குகிறார்கள்.

வக்கீலை மாற்றலாமா என்றால், தாராளமாக மாற்றலாம். கட்டணப் பாக்கி இருக்கிறது என்பதற்காகப் பழைய வக்கீல் கேஸ் கட்டைத் தராமல் வைத்திருக்க முடியாது, உச்ச நீதிமன்றமே 2000-இல் சொன்னது.

மூன்றாம் படி: காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

திருமணப் பத்திரிகை, தாலி கட்டும் படம், பதிவுச் சான்று. பதிவு செய்யவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பதிவில்லாததாலேயே திருமணம் செல்லாமல் போகாது. குழந்தையின் பிறப்புச் சான்று. நகைக்கடை பில், சீர்வரிசைப் பட்டியல். பில் இல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்தை எடுங்கள். கழுத்திலும் கையிலும் என்னென்ன இருந்தன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம். அடிபட்டு அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் அந்தச் சீட்டு. கணவரின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எண், வண்டி எண், தொழில் என்றால் கடையின் ஜிஎஸ்டி எண். இவை ஜீவனாம்சத்துக்கு உதவும்.

வாட்ஸ்அப் செய்திகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டு ஃபோனை விற்றுவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியங்களுக்குத் தனிச் சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும், மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்தது திருமண வழக்கில் சாட்சியமாகலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்காக வீடெல்லாம் மைக் வைக்கச் சொல்லவில்லை.

நான்காம் படி: எந்தச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம்

இந்து, பௌத்த, சமண, சீக்கியத் திருமணங்களுக்கு 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம். சுயமரியாதைத் திருமணமும் இதில் அடக்கம். தமிழ்நாடு 1967-இல் கொண்டுவந்த 7அ பிரிவு அதற்குத்தான். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். சர்ச்சில் வாங்கிய திருமண ரத்து சபைக்குள் செல்லலாம், சட்டப்படி அது போதாது. இஸ்லாமியப் பெண்களுக்கு 1939-ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது, 2019 முதல் அது தண்டனைக்குரிய குற்றமும்கூட. ஜமாத் தரும் குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. மதம் மாறாமல் கலப்புமணம் செய்து 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தவர்களுக்கு அதே சட்டத்தில் விவாகரத்து.

முத்திரைத்தாளில் “இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை” என்று எழுதி நோட்டரி முத்திரை குத்தி வாங்கிக்கொள்வது இன்றும் நடக்கிறது. அது விவாகரத்து ஆகாது. அதை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாவது திருமணமும் செல்லாது, வழக்கும் வரும். சில சமூகங்களில் ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்த்துவிடும் வழக்கத்தைச் சட்டம் ஒதுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அது லேசான காரியமல்ல. “அஞ்சு வருஷமாப் பிரிஞ்சிருக்கோம், தானாவே டைவர்ஸ் ஆயிருக்குமே?” என்பதும் தவறு. எத்தனை வருடம் ஆனாலும் தானாக ஆகாது.

இந்து திருமணச் சட்டப்படி, திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர், இவற்றில் எங்கும் மனு போடலாம். மனைவி மனுதாரர் என்றால் அவர் இப்போது இருக்கும் ஊரிலும் போடலாம். தாய்வீடு திண்டுக்கல் என்றால் திண்டுக்கல்லிலேயே. குடும்ப நல நீதிமன்றம் இல்லாத இடங்களில் சார்பு நீதிமன்றத்தில் நடக்கும். கணவர் வேண்டுமென்றே தொலைவான ஊரில் வழக்குப் போட்டால், மாநிலத்துக்குள் மாற்ற உயர் நீதிமன்றத்திலும், வேறு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றத்திலும் டிரான்ஸ்ஃபர் மனு போடலாம்.

ஐந்தாம் படி: இருவரும் சம்மதித்தால்

இதுதான் குறைந்த வலி, குறைந்த செலவு. இந்து திருமணச் சட்டத்தின் 13ஆ பிரிவு. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றாலும் அது பிரிவுதான். கிறிஸ்தவர்களுக்குச் சட்டத்தில் இரண்டு ஆண்டு என்றிருக்கிறது. இருவரும் சேர்ந்து மனு போட்டதும் 6 மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் மறுபடி வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. மனு போடும்போதே ஒன்றரை ஆண்டு பிரிந்திருக்க வேண்டும், சமரசம் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் பேசி முடிந்திருக்க வேண்டும்.

சிக்கல் வருவது இந்த இடைவெளியில்தான். இரண்டாம் முறை உறுதி சொல்லும்வரை யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு வராமல் போனவர்கள் உண்டு. பணம் வருமுன்பே எல்லா வழக்கையும் வாபஸ் வாங்கிவிட்டுக் கையைப் பிசைந்தவர்களும் உண்டு. அதனால் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதாக எழுதுங்கள்: முதல் மனுவின்போது ஒரு பகுதி, இறுதி நாளில் நீதிபதி முன்னால் மீதிக்கு டிடி. நகை என்றால் எடையோடு பட்டியல். காவல் நிலையத்தில் வரதட்சணைக் கொடுமை வழக்கு இருந்தால் அது சமாதானத்தால் தானாக முடியாது. உயர் நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்து ரத்து செய்யக் கேட்க வேண்டும், அதற்கு யார் எப்போது கையெழுத்துப் போடுவது என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். “குழந்தைக்காக இனி எதுவும் கேட்கமாட்டேன்” என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் குழந்தையின் உரிமை போய்விடாது.

ஒருவர் மட்டும் கேட்டால்

காரணம் காட்டி நிரூபிக்க வேண்டும். கொடுமை, இரண்டு ஆண்டு கைவிட்டுப்போனது, வேறு உறவு, மதமாற்றம், தீராத மனநோய், ஏழாண்டாகத் தகவலே இல்லாதது ஆகியவை முக்கியமானவை. கொடுமை என்றால் அடி மட்டுமல்ல, மனரீதியானதும் சேரும். வேறு உறவு 2018-இலிருந்து குற்றமல்ல, ஆனால் விவாகரத்துக்குக் காரணம்தான். “ஒத்துப்போகவில்லை, உறவு செத்துவிட்டது” என்பது மட்டும் இந்து திருமணச் சட்டத்தில் காரணமாக இல்லை. அப்படிக் கலைக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உண்டு, 2023-இல் அதை உறுதிசெய்தார்கள். திருமணமாகி ஓராண்டுக்குள் பொதுவாக மனுவே போட முடியாது.

மனுவுக்கு நீதிமன்றம் எண் கொடுத்ததும் சம்மன், கவுன்சிலிங், சமரச மையம், எதிருரை, சாட்சி, குறுக்கு விசாரணை என்று போகும். சமரச மையத்தில் பேசியது வெளியே போகாது, அதனால் அங்கே மனம்விட்டுப் பேசலாம். உங்கள் வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வையுங்கள். “போன வாரம் வாய்தாவா? தெரியாதே” என்ற நிலை வராது.

ஜீவனாம்சம்: கேட்பது எப்படி, வாங்குவது எப்படி

விவாகரத்து வழக்கு நடந்தால் அதற்குள்ளேயே இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில் இடைக்கால மனு போடலாம், வருமானம் இல்லாத கணவரும்கூட இதில் கேட்கலாம். வழக்கே இல்லாவிட்டால் முன்பு சொன்ன 144-ஆவது பிரிவு. விவாகரத்தான இஸ்லாமியப் பெண்ணும் இந்தப் பொதுச் சட்டத்தில் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே நீதிமன்றம் 2020 நவம்பரில் தந்த தீர்ப்பின்படி, இரண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். இதை அக்கறையோடு நிரப்புங்கள். வாடகை, பால், கேஸ், ஆட்டோ, டியூஷன், மாமியாருக்கு வாங்கிய மருந்துக் கடனின் வட்டி, எதுவும் சின்ன விஷயமல்ல. கணவர் “வேலையை விட்டுவிட்டேன்” என்று எழுதினால், அவர் படிப்பையும் பழைய சம்பளத்தையும் வாழும் விதத்தையும் காட்டுங்கள். உடலில் வலு உள்ளவர் சும்மா இருந்து தப்பிக்க முடியாது. தொகை மனு போட்ட நாளிலிருந்து கணக்காகும், எனவே தள்ளிப்போடாதீர்கள்.

உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால், பாக்கி சேர்ந்த ஓராண்டுக்குள் நிறைவேற்று மனு போட வேண்டும். கட்டத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை உண்டு. ஓராண்டைத் தாண்டிய பாக்கி இந்த வழியில் கிடைக்காமல் போய்விடும் என்பதால் காலண்டரில் குறித்து வையுங்கள்.

குழந்தை

ஐந்து வயதுக்குள் சாதாரணமாகத் தாயிடம். அதற்கு மேல் குழந்தையின் நலன் எங்கே என்பதுதான் ஒரே அளவுகோல். யாருக்குச் சம்பளம் அதிகம் என்பது மட்டும் தீர்மானிக்காது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளையை நீதிபதி தன் அறைக்கு அழைத்துப் பேசுவார். பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள், இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும். பொறுப்பு கிடைக்காதவருக்குப் பார்க்கும் உரிமை உண்டு; கோபத்தில் அதைத் தடுத்தால் பின்னால் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

மகளிர் காவல் நிலையம்

1992 முதல் தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கணவன் மனைவி விவகாரத்தில் வழக்குப் பதியுமுன் ஆரம்ப விசாரணை செய்யலாம் என்பதால் இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அங்கே பேசி எழுதி வாங்கும் தாள் விவாகரத்தல்ல, குழந்தையைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரமும் காவல் நிலையத்துக்கு இல்லை. கொடுமை உண்மையாக இருந்தால் தயங்காமல் புகார் கொடுங்கள். பேரத்துக்காக மாமியார், நாத்தனார், வெளிநாட்டில் இருக்கும் கொழுந்தன் என்று வீட்டில் எல்லார் பெயரையும் சேர்ப்பதை நீதிமன்றங்கள் பலமுறை கண்டித்திருக்கின்றன.

சம்மன் உங்களுக்கு வந்தால்

வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடாது. மறுத்தது வாங்கியதாகவே கொள்ளப்படும். போகாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்களைக் கேட்காமலே தீர்ப்பு. அப்படி ஆகிவிட்டால் 30 நாளுக்குள் ரத்து செய்யக் கேட்டு மனு போட வேண்டும், அதைத் தாண்டினால் தாமதத்துக்குத் தனிக் காரணமும் சொல்ல வேண்டும். வாங்குங்கள், தேதியைப் பாருங்கள், அன்றைக்கே வக்கீலையோ லீகல் எய்டு அலுவலகத்தையோ பாருங்கள். வரும் நோட்டீஸ் “சேர்ந்து வாழ வா” என்று கேட்கும், இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு மனுவாகவும் இருக்கலாம். அது பாசத்தால் போட்டதா, ஜீவனாம்சத்தைத் தடுக்கப் போட்டதா என்பது பதில் எழுதும்போதே தெரிய ஆரம்பிக்கும்.

தீர்ப்பு வந்த பிறகு

சான்றிட்ட நகலுக்கு உடனே மனு போட்டு, இரண்டு மூன்று படி வாங்கி வையுங்கள். சம்மதத்தோடு வாங்கிய தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. போராடி வாங்கியதற்கு உண்டு, எனவே மறுமணப் பேச்சை எடுக்குமுன் மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததா என்று வக்கீலிடம் கேளுங்கள். குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தில் 30 நாள், இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள் என்றிருப்பதால் 90 நாள் கழியட்டும். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்போர்ட்டில் பெயர், முகவரி மாற்றங்களுக்கு இந்த நகல்தான் வேண்டும். வங்கி, பிஎஃப், எல்ஐசி நாமினி பெயர் தானாக மாறாது, ஒவ்வொரு அலுவலகத்திலும் தனித்தனியாகப் படிவம் கொடுத்து மாற்றுங்கள்.